பிள்ளையோட குணத்துக்கு ஏத்த, கலைக்கு இடம் கொடுக்கற ஸ்கூலை கண்டுபிடிக்கறது எப்படி? தர்மபுரி, கிருஷ்ணகிரி பெற்றோருக்கு முழு வழிகாட்டி

விஜயதசமி முடிஞ்ச கையோட நம்ம பக்கம் ரோட்டோரம் பூரா அட்மிஷன் பேனர் வந்துடும், ஓசூர்ல இருந்து தொப்பூர் வரைக்கும் பஸ்ல போனா எண்ணி மாளாது. முன்னெல்லாம் அதுல மார்க் வாங்குன பிள்ளைங்க போட்டோ மட்டும்தான் இருக்கும், இப்ப பக்கத்துலயே பரதநாட்டியம் ஆடற பாப்பா, கீபோர்டு வாசிக்கற பையன், கராத்தே, ஸ்கேட்டிங்னு எல்லாம் சேர்ந்து வருது. நல்ல மாற்றம்தான். ஆனா பேனர்ல இருக்கறது வகுப்புல இருக்குதான்னு கண்டுபிடிக்கறது பெத்தவங்க வேலையாயிடுச்சு, அப்படியே இருந்தாலும் அது நம்ம பிள்ளைக்கு ஒத்துவருமான்னு பாக்கறது அதைவிட பெரிய வேலை.

நான் ட்ராயிங் டீச்சர். ரெண்டு மாவட்டத்துலயும் தனியார் பள்ளிகள்ல வேலை பாத்திருக்கேன். "எந்த ஸ்கூலுங்க பெஸ்ட்டு, பேரை மட்டும் சொல்லுங்க"ன்னு கேக்கறவங்ககிட்ட நான் பேர் சொல்றதில்ல, ஏன்னா அக்காவுக்கு அருமையா அமைஞ்ச ஸ்கூல்லயே தம்பி தினமும் காலைல வயித்து வலின்னு படுத்துக்கறதை நான் பாத்திருக்கேன். அதனால எப்படித் தேடணும்னு வரிசையா சொல்றேன். நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான்: ஆண்டு விழாவை வெச்சு ஸ்கூலை எடை போடாதீங்க, ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை ட்ராயிங் பீரியட்ல அங்க என்ன நடக்குதுன்னு பாருங்க, அந்த பீரியட்ல உங்க பிள்ளை எங்க உக்காந்திருக்கும்னு நெனச்சுப் பாருங்க.

ஸ்டெப் 1: ஸ்கூலை விடுங்க, முதல்ல பிள்ளையைப் பாருங்க

ரெண்டு வாரம் போதும். ஒரு பழைய நோட்டு எடுத்துக்கோங்க, ராத்திரி பிள்ளை தூங்குன அப்புறம் அன்னிக்கு கண்ணுல பட்டதை நாலு வரி எழுதுங்க. அம்மா தனியா, அப்பா தனியா எழுதி கடைசில சேர்த்துப் பாத்தா இன்னும் நல்லது, பாட்டி வீட்டுல இருந்தா அவங்களையும் கேளுங்க, பகல் பூரா கூட இருக்கறது அவங்கதானே.

என்ன எழுதணும்? யாரும் சொல்லாம தானா எதை ரொம்ப நேரம் செய்யுது. கல்யாண மண்டபம் மாதிரி புது இடத்துக்குப் போனா உடனே ஓடிப்போய் கூட்டத்துல சேருதா, இல்ல உங்க முந்தானையைப் பிடிச்சுக்கிட்டு அரை மணி நேரம் நின்னு எல்லாத்தையும் பாத்துட்டு அப்புறம் இறங்குதா. கோயில்ல பம்பை அடிச்சா முன்னாடி போய் நிக்குதா, காதைப் பொத்திக்குதா. வரையறது தப்பாப் போனா பேப்பரைக் கிழிக்குதா, அழிச்சு சரி பண்ணுதா, அதையே வேற எதாவா மாத்திடுதா. செஞ்சதை ஊரெல்லாம் காட்டுதா, தலகாணிக்கு அடியில ஒளிச்சு வெக்குதா. இந்த கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம், பின்னால ஸ்கூல் பாக்கும்போது இதுதான் கைகொடுக்கும்.

இது நானா கண்டுபிடிச்ச விஷயம் இல்ல. 1956ல நியூயார்க்ல அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ்னு ரெண்டு மனநல மருத்துவர்கள் கைக்குழந்தைல இருந்து பிள்ளைங்களை வருஷக்கணக்கா தொடர்ந்து கவனிக்க ஆரம்பிச்சாங்க. சுறுசுறுப்பு எவ்வளவு, புதுசைப் பாத்தா கிட்ட போகுதா விலகுதா, சத்தம் வெளிச்சம் எவ்வளவு தாங்குது, ஒரு வேலைல எவ்வளவு நேரம் நிக்குதுன்னு 9 விஷயமா பிரிச்சுப் பாத்தாங்க. அவங்க ஆய்வுல சுமார் 40 சதவீதம் பிள்ளைங்க எல்லாத்துக்கும் சுலபமா ஒத்துப்போறவங்க, 10 சதவீதம் எதுக்கும் சட்டுன்னு ஒத்துக்காதவங்க, 15 சதவீதம் மெதுவா பழகறவங்க, மீதிப்பேர் கலவை. அவங்க சொன்னதுல நமக்கு வேண்டியது என்னன்னா, பிள்ளையோட சுபாவத்துல நல்லது கெட்டது கிடையாது, அந்த சுபாவமும் அது இருக்கற இடமும் பொருந்துதா இல்லையாங்கறதுதான் விஷயம். மெதுவா பழகற பிள்ளையை முதல் வாரமே மேடை ஏத்துனா அது பிள்ளையோட குறை இல்ல, இடத்தோட குறை.

இன்னொண்ணு, ஆர்வம் வேற குணம் வேற. எங்க பக்கம் திரௌபதி அம்மன் கோயில்ல பாரதம் நடந்தா கடைசில துரியோதனன் படுகளம் வரும், மண்ணுலயே பெரிய உருவமா படுக்க வெச்சிருப்பாங்க, எல்லாருக்கும் தெரியும். அதைப் பாத்துட்டு வந்த ஒரு பையன் வீட்டு வாசல்ல ஒரு வாரமா மண்ணைக் குழைச்சு அதே மாதிரி செஞ்சுக்கிட்டே இருந்தான். அவங்கம்மா என்கிட்ட வந்து "இவனுக்கு கூத்துல ரொம்ப இன்ட்ரெஸ்ட்டுங்க டீச்சர், டிராமா சொல்லித்தர ஸ்கூலா பாக்கலாமா"ன்னாங்க. போய்ப் பாத்தேன். பையன் ஒரு வசனம்கூட சொல்லல, நான் வந்ததுக்கு நிமிர்ந்தும் பாக்கல. ஆனா அந்த மண் உருவத்துல மீசை நுனி ரெண்டும் ஈர்க்குச்சியால கீறி மேல தூக்கி விட்டிருந்தான், விரல் அஞ்சுக்கும் நகம் வெச்சிருந்தான். அவனுக்கு வேணுங்கறது மேடை இல்லைங்க, களிமண்ணும் அதைப் போட்டு வெக்க ஒரு மூலையும், நடுவுல யாரும் வந்து "முடிச்சாச்சா"ன்னு கேக்காத ஒரு மணி நேரமும்தான். டிராமா ஸ்கூல்ல போட்டிருந்தா கூட்டத்துல மரமா நிக்க வெச்சிருப்பாங்க.

ஸ்டெப் 2: குணத்தையும் கலையையும் முடிச்சுப் போடுங்க

நோட்டைப் படிச்சா ஒரு உருவம் தெரியும். ஓட்டம், குதி, கை கால் நிக்காத பிள்ளைன்னா பறை, சிலம்பம், ஒயிலாட்டம், டான்ஸ் இருக்கற, வகுப்புல எழுந்து நடக்க விடற ஸ்கூல். கதை கட்டி விடற, ஒரே நாள்ல மூணு பேரா மாறி மாறிப் பேசற பிள்ளைன்னா நாடகம், பொம்மலாட்டம். கையால கழட்டி மாட்டற பிள்ளைன்னா மரவேலை, தையல், களிமண். சத்தம் ஆகாத பிள்ளைக்கு பேண்டு செட் பெருமையா பேசற ஸ்கூல் வேண்டாம், அதே பிள்ளை வீணையோ வயலினோ தனியா ஒரு குருகிட்ட உக்காந்து கத்துக்கிட்டா அருமையா வரும்.

தப்பு பண்ண பயப்படற பிள்ளைங்களைப் பத்தி மட்டும் கொஞ்சம் கூடவே சொல்லணும். நல்லா வரையற பிள்ளைங்கள்ல பாதிப்பேர் இப்படித்தான் இருக்காங்க. ஒரு கோடு கோணலா போனா பேப்பரைக் கசக்கிப் போட்டுடுவாங்க. இவங்களைக் கொண்டுபோய் மாசத்துக்கு ஒரு போட்டி, கப்பு, மெடல், வாட்ஸ்அப் குரூப்ல வின்னர் போட்டோன்னு இருக்கற ஸ்கூல்ல சேர்த்தா முதல் வருஷம் கப்பு நெறைய வரும், மூணாவது வருஷம் பென்சிலைத் தொட மாட்டாங்க. அவங்களுக்கு வேண்டியது அரைகுறையா செஞ்சதையும் சுவத்துல ஒட்டற ஸ்கூல். போட்டின்னா ஆயிரம் தடவை தோத்தாலும் சிரிச்சுக்கிட்டே மறுபடி ஓடற பிள்ளைக்கு அதே போட்டி ஸ்கூல் ரொம்ப நல்லது, அதனால போட்டியே தப்புன்னு நான் சொல்லல.

ஸ்டெப் 3: என்ன மாதிரி ஸ்கூல் எல்லாம் இருக்குதுன்னு தெரிஞ்சுக்கோங்க

நம்ம ரெண்டு மாவட்டத்துலயும் தனியார்னா பெரும்பாலும் மெட்ரிகுலேஷன், இல்லைன்னா சிபிஎஸ்இ. சிபிஎஸ்இ 2019ல 1ல இருந்து 12ஆம் வகுப்பு வரைக்கும் கலைக் கல்வி கட்டாயம், வாரத்துக்கு குறைஞ்சது 2 பீரியட்னு சொல்லிடுச்சு, பாடத்தோட கலையை சேர்த்து ப்ராஜெக்ட் செய்யவும் சொல்லுது. கல்வி உரிமைச் சட்டத்தோட அட்டவணையிலயே 6ல இருந்து 8 வரைக்கும் 100 பிள்ளைங்களுக்கு மேல இருந்தா ஓவியம், உடற்கல்வி, கைத்தொழிலுக்கு பகுதிநேர ஆசிரியர் வேணும்னு இருக்குது. அதனால "எங்ககிட்ட ஆர்ட் பீரியட் இருக்குது"ன்னு சொல்றது சலுகை இல்ல, அது இருக்கணும்.

மாண்டிசோரி முறைல சின்ன வயசுல கையால செய்யற வேலை அதிகம், பிள்ளையே வேலையைத் தேர்ந்தெடுக்கும். ஆனா பேர்ப்பலகைல மாண்டிசோரின்னு போட்டுட்டு உள்ள எல்கேஜி பிள்ளைக்கு டிக்டேஷன் வெக்கற இடமும் இருக்குது, அதனால அந்த முறைக்குன்னே இருக்கற மரச்சாமான் எல்லாம் பிள்ளைங்க கைக்கு எட்டற ஷெல்ஃப்ல இருக்குதா, டீச்சர் அந்தப் பயிற்சி எடுத்தவங்களான்னு கேளுங்க. ஓசூர்க்காரங்களுக்கு பெங்களூர் பக்கம், அங்க கலையும் கைவேலையும் சேர்த்தே சொல்லித்தர்ற ஸ்டைனர் முறை பள்ளிகள், தத்துவ அறிஞர் ஜே.கிருஷ்ணமூர்த்தி வழி வந்த வேலி ஸ்கூல் எல்லாம் இருக்குது. ஹாஸ்டல்ல விட மனசு இருந்தா ஆந்திராவுல மதனப்பள்ளி பக்கம் ரிஷி வேலி. இங்கயெல்லாம் படிப்பும் கலையும் ஒரே தட்டுல வருது, ஆனா தூரம், செலவு, இடம் கிடைக்கறது மூணும் கஷ்டம். நம்ம தர்மபுரி மாவட்டத்துலயே சிட்லிங்கில துளிர்னு ஒரு கற்றல் மையம் இருக்குது, கைவேலையோட சேர்த்துப் படிக்கறதுன்னா என்னன்னு கண்ணால பாக்கணும்னா அதைப் பத்தி தேடிப் படிங்க. அதே சிட்லிங்கி பள்ளத்தாக்குலதான் லம்பாடிப் பெண்கள் அவங்க பாட்டிங்களோட எம்பிராய்டரி தையலை மறுபடி உயிரோட கொண்டுவந்தாங்க. கலைன்னா வெளியில இருந்து வர்ற கீபோர்டு மட்டும் இல்லைங்கறதுக்காக சொல்றேன்.

லிஸ்ட்ல மூணு ஸ்கூல் போதும், அதுக்கு மேல வெச்சா குழப்பம்தான்.

ஸ்டெப் 4: காகிதம்

இதை சீக்கிரம் முடிச்சுடலாம். அங்கீகாரம் இப்ப நடப்புல இருக்குதா, சிபிஎஸ்இன்னா அஃபிலியேஷன் நம்பர் என்ன, ஒவ்வொரு பள்ளிக்கும் அரசு கொடுக்கற 11 இலக்க யூடைஸ் எண் என்னன்னு கேளுங்க. தனியார் பள்ளிக்கு ஃபீஸ் எவ்வளவுன்னு 2009ல வந்த தமிழ்நாடு பள்ளிக் கட்டணச் சட்டப்படி கட்டண நிர்ணயக் குழு முடிவு பண்ணும், அந்த ஆர்டர் 3 வருஷத்துக்கு செல்லும், அதைக் காட்டச் சொல்லுங்க. எது கட்டுனாலும் ரசீது வாங்குங்க. இன்னொண்ணு, அட்மிஷனுக்கு பிள்ளைக்கு டெஸ்ட் வெக்கறதும் பெத்தவங்களை இன்டர்வியூ பண்றதும் கல்வி உரிமைச் சட்டம் 13ஆம் பிரிவுப்படி தப்பு, முதல் தடவைக்கு 25,000 ரூபாய் வரைக்கும் அபராதம் உண்டு. கலைக்கு பேர் போன ஸ்கூல்னு சொல்லிட்டு மூணு வயசுப் பிள்ளையை உக்கார வெச்சு கேள்வி கேட்டா அங்கயே உங்களுக்கு பாதி பதில் கிடைச்சுடுச்சு. வருமானம் கம்மியா இருக்கற குடும்பம்னா அதே சட்டத்துல 25 சதவீத இடம் இருக்குது, ஆன்லைன்ல எப்ப திறக்கறாங்கன்னு விடாம பாத்துக்கிட்டே இருங்க.

ஸ்டெப் 5: ஸ்கூலுக்குப் போங்க, ஆனா எப்ப போறீங்கங்கறது முக்கியம்

ஆண்டு விழாவுக்கு ரெண்டு வாரம் முன்னாடி போகாதீங்க, அப்ப எல்லா ஸ்கூலும் கலைக்கூடம் மாதிரிதான் இருக்கும். ஜனவரி கடைசி, பிப்ரவரி மாசம் போங்க. பப்ளிக் எக்ஸாம் நெருங்கற நேரம், கணக்கு சார் ட்ராயிங் பீரியடை கேட்டு வாங்கிக்கற நேரம் அதுதான். நம்ம மாவட்டங்கள்ல ரிசல்ட்டுக்கு இருக்கற அழுத்தம் உங்களுக்கே தெரியும், ஒன்பதாவதுலயே பத்தாவது பாடம், காலைல ஸ்டடி, சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ். அந்த நெருக்கடியிலயும் ஏழாவது, எட்டாவது பிள்ளைங்களுக்கு ட்ராயிங் பீரியட் நடக்குதுன்னா அது உண்மையிலேயே கலைக்கு மதிப்புக் கொடுக்கற ஸ்கூல்.

உள்ள போனதும் ரிசப்ஷன்ல இருக்கற கப்பு அலமாரியைப் பாத்து நின்னுடாதீங்க. வகுப்பு வராண்டா சுவத்துக்குப் போங்க. முப்பது மயில் ஒட்டியிருக்கும். எல்லா மயிலும் ஒரே பக்கம் திரும்பி நிக்கும், எல்லா கழுத்தும் ஒரே நீலம், பார்டர் ஸ்கேல் வெச்சு ஸ்கெட்ச் பென்ல போட்டது, பேர் எல்லாம் ஒரே கையெழுத்துல அழகா. அது டீச்சரோட கை, இல்லைன்னா பிரிண்ட் எடுத்த அவுட்லைனுக்கு கலர் அடிச்சது. பிள்ளை அதுல செஞ்சது கோட்டுக்கு வெளிய போகாம இருந்தது மட்டும்தான். வேற ஸ்கூல் சுவத்துல ஒரு மயிலுக்கு ஆறு கால் இருக்கும், ஒண்ணு பறந்துக்கிட்டு இருக்கும், ஒண்ணுல மயிலே இல்ல மழை மட்டும் இருக்கும், கீழ பேரை பிள்ளையே எழுதி ஒரு எழுத்து திரும்பி நிக்கும். பாக்க அழகு கம்மிதான். ஆனா அந்த ஸ்கூலைத்தான் நான் குறிச்சு வெச்சுக்குவேன்.

அடுத்தது ஆர்ட் ரூம். இருக்குதுன்னா திறந்து காட்டச் சொல்லுங்க, சாவி எங்கன்னு தேட ஆரம்பிச்சாங்கன்னா புரிஞ்சுக்கோங்க. உள்ள சிங்க்கைப் பாருங்க, கலர் கறை இருக்குதா. பிரஷ் எடுத்து விரலால தடவிப் பாருங்க, காஞ்சு குச்சியா நிக்குதுன்னா கழுவறதில்ல, இல்ல தொடறதே இல்ல. கீபோர்டு மேல உறை, உறை மேல தூசி, தபலா ஒண்ணுல தோல் கிழிஞ்சது அப்படியே. இதெல்லாம் குறை சொல்லறதுக்காக இல்லைங்க, சாமான் புழக்கத்துல இருக்குதாங்கறதுதான் கேள்வி. ரூமே இல்லாம மரத்தடில பாய் போட்டு களிமண் வேலை நடத்தற சின்ன ஸ்கூலையும் நான் பாத்திருக்கேன், பெரிய ஏசி ரூமைவிட அது நூறு மடங்கு மேல்.

அப்புறம் டைம்டேபிள். வகுப்புக் கதவுல ஒட்டியிருக்கும், போட்டோ எடுக்க வேண்டாம், நின்னு படிங்க. ட்ராயிங், மியூசிக் எல்லாம் வெள்ளிக்கிழமை கடைசி பீரியட்ல மட்டும் இருக்குதா, டீச்சர் பேர் தனியா இருக்குதா இல்ல சமூக அறிவியல் டீச்சர் பேரே இங்கயும் இருக்குதா. ஒன்பதாவது, பத்தாவது டைம்டேபிளும் பாருங்க, உங்க பிள்ளை எல்கேஜியா இருந்தாலும் ஒரு நாள் அங்க போகத்தானே போகுது.

ஸ்டெப் 6: கேக்க வேண்டிய கேள்விகள்

பிரின்சிபால்கிட்ட "ஆர்ட் இருக்குதுங்களா மேடம்"னு கேட்டா இருக்குதுன்னுதான் சொல்லுவாங்க. இப்படிக் கேளுங்க: ட்ராயிங் டீச்சர் எத்தனை வருஷமா இங்க இருக்காங்க? முழுநேரமா, வாரத்துக்கு ஒரு நாள் வர்றவங்களா? வருஷா வருஷம் டீச்சர் மாறற இடத்துல எந்தக் கலையும் வேர் பிடிக்காது. ஆண்டு விழாவுல எல்லா பிள்ளைங்களும் மேடை ஏறுவாங்களா, யார் தேர்வு பண்றது? மேடை பிடிக்காத பிள்ளைக்கு என்ன வேலை கொடுப்பீங்க? இந்தக் கடைசிக் கேள்விக்கு "அதெல்லாம் நாங்க பயத்தைப் போக்கிடுவோங்க"ன்னு பதில் வந்தா, மெதுவா பழகற பிள்ளை வெச்சிருக்கறவங்க நிதானமா யோசிங்க. "செட் வரைவாங்க, லைட் பாத்துப்பாங்க, டிரஸ் தைப்பாங்க, பாட்டு எழுதுவாங்க, அடுத்த வருஷம் அவங்களா கேட்டா ஏத்துவோம்"னு வந்தா சந்தோஷமா எழுந்து வாங்க.

முடிஞ்சா ட்ராயிங் டீச்சர்கிட்ட அஞ்சு நிமிஷம் தனியா பேசுங்க. நான் டீச்சரா சொல்றேன், ஒரே ஒரு கேள்வி போதும்: "உங்க பீரியடை வேற பாடத்துக்கு கேட்டா என்ன பண்ணுவீங்க?" அவங்க முகத்துலயே தெரிஞ்சுடும்.

கூத்துக் கலைஞர்களையோ, நாதஸ்வரம், தவில் வாசிக்கறவங்களையோ ஸ்கூலுக்கு கூப்பிட்டதுண்டா, பிள்ளைங்களை வெளிய கூட்டிட்டுப் போறீங்களான்னும் கேளுங்க. அதியமான்கோட்டை சென்னராய பெருமாள் கோயில்ல மேல் விதானத்துல ஓவியம் இருக்குது, மல்லச்சந்திரத்துல கற்திட்டைகள்ல, அதாவது பழங்காலத்து கல் சமாதிகள்ல, வெள்ளை ஓவியம் இருக்குது, தர்மபுரி மியூசியத்துல நடுகல் வரிசையா நிக்குது. நம்ம பிள்ளைங்களுக்கு இதெல்லாம் கைக்கு எட்டற தூரம். டூர்னா தீம் பார்க் மட்டும்தான்னா அது என்ன கலை ஸ்கூல்?

மொழி, பஸ், பாதுகாப்பு

நம்ம பக்கம் வீட்டுல தெலுங்கு, கன்னடம், உருது பேசற பிள்ளைங்க நெறைய, தேன்கனிக்கோட்டை, வேப்பனப்பள்ளி பக்கம் கேக்கவே வேண்டாம். நாடகமும் கதை சொல்றதும் பிள்ளைக்கு வாயில வர்ற மொழில நடக்கணும். தமிழ் பேசுனா ஃபைன்னு போர்டு வெக்கற ஸ்கூல்ல வாயாடிப் பிள்ளையும் ஊமையாயிடும், அப்புறம் அந்தப் பிள்ளைக்கு டிராமா கிளாஸ் எதுக்கு.

பஸ் நேரத்தைக் கணக்குப் போடுங்க. பென்னாகரத்துல இருந்தோ பாலக்கோட்டுல இருந்தோ காலைல ஆறே முக்காலுக்கு ஏத்தி சாயங்காலம் ஆறு மணிக்கு இறக்குனா பிள்ளைக்கு வரையவோ பாடவோ தெம்பு எங்க இருக்கும்? கொஞ்சம் சுமாரான ஆர்ட் ரூம் இருக்கற பக்கத்து ஸ்கூல், அருமையான ஆர்ட் ரூம் இருக்கற தூரத்து ஸ்கூலை விட மேல்னு நான் பல பேர்கிட்ட சொல்லியிருக்கேன், பத்து வயசுக்குக் கீழன்னா கண்டிப்பா. பஸ்ல அட்டெண்டர் இருக்காங்களா, ஆர்டிஓ சோதனை முடிச்சதான்னு கேக்க மறக்காதீங்க.

டான்ஸ், கராத்தே, ஸ்கேட்டிங் எல்லாம் பெரும்பாலும் வெளியாளுங்க வந்து நடத்தறது. ஸ்கூல் முடிஞ்ச அப்புறம், சனிக்கிழமை, கேம்ப் இப்படின்னா அந்த நேரத்துல ஸ்கூல் டீச்சர் யாராவது கூட இருக்காங்களா, பெண் பிள்ளைங்க கூட பெண் டீச்சர் இருக்காங்களா, வர்றவங்களை விசாரிச்சுத்தான் சேர்த்தாங்களான்னு நேரடியா கேளுங்க. கூச்சப்படாதீங்க. இதுக்கு கோவப்படற நிர்வாகம் வேண்டவே வேண்டாம். பிள்ளைக்கு 1098 (குழந்தைகள் உதவி எண்) நம்பரையும் 14417 (பள்ளிக் கல்வித் துறை உதவி எண்) நம்பரையும் சொல்லி வெச்சுடுங்க.

ஸ்டெப் 7: காசு

ஃபீஸ் கேக்கும்போது கலைக்குன்னு தனியா என்னென்ன வரும்னு பட்டியலாவே கேட்டு வாங்குங்க. ஆக்டிவிட்டி ஃபீஸ், ஆண்டு விழா காஸ்ட்யூம், இசைக் கருவி, லண்டன் டிரினிட்டி காலேஜ் நடத்தற மாதிரி இசை கிரேடு பரீட்சை எழுதுனா அதுக்கு, போட்டிக்கு வெளியூர் போனா அதுக்கு. சேர்த்துப் பாத்தா ஸ்கூல் ஃபீஸுக்குப் பக்கத்துல வந்து நிக்கற இடமும் உண்டு.

கையில அவ்வளவு இல்லைன்னா வருத்தப்பட ஒண்ணும் இல்ல, இதை நான் மனசாரச் சொல்றேன். பிள்ளையை மதிக்கற, அடிக்காத, ஹோம்வொர்க்கால நசுக்காத ஒரு சாதாரண ஸ்கூல் போதும், கலையை வெளிய சேர்த்துக்கலாம். கலை பண்பாட்டுத் துறையோட ஜவகர் சிறுவர் மன்றம் ரெண்டு மாவட்டத்துலயும் இருக்குது, 5ல இருந்து 16 வயசு வரைக்கும், பாட்டு, பரதம், ஓவியம் எல்லாம் லீவு நாள்ல சொல்லித்தர்றாங்க. கிருஷ்ணகிரில மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்குது, 12 வயசுக்கு மேலன்னா குரலிசை, நாதஸ்வரம், தவில், வயலின், மிருதங்கம், பரதம், தேவாரம்னு 3 வருஷப் படிப்பு, ஃபீஸ் ரொம்பக் கம்மி. அரசுப் பள்ளில படிச்சா 2022ல இருந்து கலைத் திருவிழா நடக்குது, பள்ளி அளவுல ஆரம்பிச்சு மாநிலம் வரைக்கும் போகலாம். ஓவியத்துல பிடிமானம் உள்ள பிள்ளைன்னா அரசு தேர்வுகள் துறை நடத்தற ட்ராயிங் லோயர், ஹையர் பரீட்சைக்கு தயார் பண்ணலாம்.

ஸ்டெப் 8: கடைசியா பிள்ளையைக் கூட்டிட்டுப் போங்க

மூணுல ரெண்டைக் கழிச்ச அப்புறம்தான் பிள்ளையைக் கூட்டிட்டுப் போகணும், எல்லா ஸ்கூலுக்கும் இழுத்துட்டு அலையாதீங்க. ஒரு பீரியட் ஆர்ட் வகுப்புல உக்கார வெக்க முடியுமான்னு கேளுங்க, நல்ல ஸ்கூல் ஒத்துக்கும். நீங்க வெளிய இருங்க. வர்ற வழில "பிடிச்சிருக்குதா கண்ணு"ன்னு கேக்காதீங்க, நீங்க என்ன பதில் எதிர்பாக்கறீங்கன்னு அதுக்குத் தெரியும், அதையே சொல்லிடும். "அங்க யார் யார் என்ன பண்ணிட்டு இருந்தாங்க?"ன்னு கேளுங்க. விவரமா, "ஒரு அக்கா சிவப்பும் மஞ்சளும் கலக்குனாங்க, எனக்கும் கொடுத்தாங்க"ன்னு சொன்னா நல்லது. "எல்லாரும் கை கட்டி உக்காந்திருந்தோம்"னு சொன்னா அதையும் நம்புங்க. ரெண்டு மூணு நாள் கழிச்சு வீட்டுல அந்த வகுப்பைப் பத்தி தானா விளையாடுதா, பேசுதான்னு கவனிங்க.

சேர்த்த அப்புறம்

முதல் ரெண்டு மாசம் அழுகை, அடம் எல்லாம் சகஜம், மெதுவா பழகற பிள்ளைக்கு ஆகஸ்ட் வரைக்கும்கூட ஆகும். அது முடிஞ்சும் வீட்டுல வரையறதை, பாடறதை நிறுத்திடுச்சா, "நான் வரைஞ்சா நல்லா இருக்காது"ன்னு சொல்ல ஆரம்பிச்சுடுச்சா, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆனா முகம் வாடுதா, அப்ப உங்க பழைய நோட்டை எடுத்துக்கிட்டு கிளாஸ் டீச்சரைப் பாருங்க. குறை சொல்லப் போகாதீங்க. "மேடம், வீட்டுல பிள்ளை இப்படி, புது விஷயம்னா பாத்துட்டுத்தான் இறங்குவா, எல்லார் முன்னாடியும் தனியா செஞ்சு காட்டச் சொன்னா சுருங்கிடுவா"ன்னு சொல்லுங்க. ஐம்பது பிள்ளைங்க இருக்கற வகுப்புல டீச்சருக்கு இது தெரியாமலே இருந்திருக்கலாம், சொன்ன அப்புறம் பலபேர் உடனே மாத்திக்குவாங்க, அதை நான் எங்க ஸ்டாஃப் ரூம்லயே பாத்திருக்கேன்.

சொல்லியும் மாறலைன்னா ஸ்கூல் மாத்தறதுல அவமானம் ஒண்ணும் கிடையாது, சொந்தக்காரங்க பேசத்தான் செய்வாங்க. வருஷ நடுவுல மாத்துனா புக், யூனிஃபார்ம், ஃபீஸ் எல்லாம் ரெண்டாவது தடவை, அதனால மே மாசம் வரைக்கும் பொறுக்க முடிஞ்சா பொறுங்க, பிள்ளை உடைஞ்சு போற நிலைமைன்னா பொறுக்க வேண்டாம். அதோட எட்டாவது முடியறதுக்குள்ள மாத்திடுங்க. ஒன்பதாவதுல சிபிஎஸ்இ பதிவு ஆரம்பிச்சுடும், பத்தாவதுக்கு நேரா போய் சேர்றது லேசு இல்ல, போர்டு மாறறதா இருந்தா இன்னும் சிக்கல்.